சாமைச் சோற்றில் செண்டுமல்லி

1

போன வாரம் ஈப்போவிலிருந்து என் தங்கை கலா கூப்பிட்டாள். நான் அனுப்பியிருந்த ஒரு படத்தை அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டியிருக்கிறாள். வாழையிலையில் சாமைச் சோறு, அதன் மேல் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செண்டுமல்லி இதழ்கள். அந்த அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பாவம், அங்கே சாப்பாட்டுக்கு அவ்வளவு கஷ்டமா, பூவையெல்லாம் தின்ன வேண்டியிருக்கிறதா என்று கேட்டாராம். கலா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான், இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்று பட்டது. சொல்வதென்றால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

இந்த மாதத்தோடு நான் கொல்லிமலைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இங்கிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர்களை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து கிளம்பி இங்கே குடிவந்தவளை யாருக்கும் தெரியாது. எல்லோரும் போகிற திசைக்கு எதிராக வந்தவள் நான். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடையில் ரொட்டி சானாய் போட வந்தவர் முத்துசாமி. மாவை வீசி விரிக்கும்போது கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. வேலைப் பெர்மிட்டில் வந்தவர் அந்த நாட்டுப் பெண்ணை அங்கே கல்யாணம் செய்துகொள்ள வழியில்லை. ஆகவே அவர் திரும்பிப் போனார். பின்னாலேயே நானும் வந்தேன்.

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கிய பஸ், எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி முடித்தபோது என் வயிற்றில் எதுவும் மிச்சமில்லை. செம்மேட்டில் இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஈப்போ பக்கத்துக் கேமரன் மலை. அங்கே போனால் ஸ்ட்ராபெரி வாங்குவோம். இங்கே என் கணவர் ஒரு முழு பலாப்பழத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, நட என்றார்.

2

பேசும் மொழி ஒன்றுதானே, என்ன சிரமம் என்று ஈப்போவில் இருக்கிற நீங்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மொழி என்பதுதான் சிரமம். தெரியாத மொழியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

வந்த புதிதில் ஒரு காலை எழுந்து பார்த்தால் கணவரைக் காணவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் பழனியம்மாளிடம் கேட்டேன். அவர் என் கணவருக்கு அக்கா. "காட்டுக்குப் போயிருக்கானுங்க, பொழுது சாய வருவான்" என்றார். காடு என்றால் எனக்குப் புலி இருக்கிற காடு. கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, என்ன கோபத்தில் காட்டுக்குப் போனார் என்று அழத் தொடங்கிவிட்டேன். மானாவாரி நிலத்தை இந்தப் பக்கம் காடு என்பார்கள் என்று அவர் சொல்லிப் புரியவைப்பதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் கூடிவிட்டது. இன்னொரு நாள் செம்மேட்டுச் சந்தையில், ரிங்கிட்டை வெள்ளி என்கிற நம் ஊர்ப் பழக்கத்தில், அன்னாசிப்பழம் எத்தனை வெள்ளி என்று கேட்டேன். கடைக்காரர் என் காலில் கிடந்த கொலுசைப் பார்த்தார். காலையில் வீட்டுக்கு வந்தவர்களிடம் பசியாறிட்டீங்களா என்று நான் கேட்டால், இவர்கள் பசியோடு வந்ததாக நான் குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அலுவலகங்களில் வேறு மாதிரி. என் கடவுச்சீட்டில், நம் ஊர் வழக்கப்படி, என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ பி என்று இரண்டு எழுத்து உண்டு. இன்னாரின் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம். விசாவை நீட்டிக்க நாமக்கல்லுக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ஆந்திரப் பிரதேசமா அம்மா, பின்னே எதற்கு விசா என்றார். அன்பாகத்தான் கேட்டார். விளக்கி முடித்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போவதும், போட்டோ சரியில்லை என்று திரும்பி வருவதும், மறுபடி அதே வளைவுகளில் தலை சுற்றுவதுமாக எத்தனையோ நாள் போயிருக்கிறது. பிறகு ஒரு நாள், இந்திய வம்சாவளி வெளிநாட்டவர்களுக்குத் தருகிற அந்தச் சிறிய நீலப் புத்தகம் கைக்கு வந்தது. ஆயுள் முழுக்க இங்கே இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. கணவரின் காட்டில் மிளகும் காப்பியும் சாமையும் விளைகின்றன. அதில் நான் களை எடுப்பேன், அறுப்பேன். என் பேரில் ஒரு கைப்பிடி மண் எழுத முடியாது.

வீட்டுக்குப் பின்னால் சமையலறைக் கதவிலிருந்து வாழை வரைக்கும் ஒரு துண்டு இடம் இருந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். என் கணவர் ஒரு நாள் அங்கே நாலு மூலையிலும் குச்சி நட்டு, இது உன்னுடையது, எந்த ஆபீஸுக்கும் போக வேண்டியதில்லை என்றார்.

3

அந்த இடத்தில் நான் முதலில் வைக்க நினைத்தது செண்டுமல்லி அல்ல. ராஜா உலாம்.

அங்கே இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை இலைகளையும் பூக்களையும் மொட்டுகளையும் சமைக்காமல் சோற்றோடு கலந்து தின்பதை மலாய்க்காரர்கள் உலாம் என்பார்கள். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நாங்கள் மாச்சிக் என்று கூப்பிடுவோம். மாச்சிக் வேலியோரம் வளர்ந்த ராஜா உலாமைக் கிள்ளி, சங்குப்பூ, இஞ்சிப்பூ மொட்டு எல்லாம் பொடியாக அரிந்து, சோற்றில் பிசிறிக் கொடுப்பார். வாயில் வைத்தால் மாங்காயும் எலுமிச்சையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் மூக்கு வரை ஏறும். பூவைத் தின்பது எங்களுக்குப் புதுமையே இல்லை. கோயில் முடிந்து வந்து அங்கே போய் உட்கார்ந்து தின்போம்.

ஒரு முறை ஈப்போவுக்கு வந்தபோது ராஜா உலாம் விதையைக் கொஞ்சம் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். விமான நிலையத்தில் நானாகவே சொன்னேன். அனுமதி இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டம் அதுதான். ஆனால் மலை ஏறும் வரைக்கும் கை வெறுமையாக இருப்பது மாதிரி இருந்தது.

பல வருடம் கழித்துக் கலாதான் ஒரு வீடியோ அனுப்பினாள். சின்னப் பூச் செண்டுமல்லி. நாம் பூமாலையில் பார்க்கிற உருண்டைப் பூ இல்லை. கட்டைவிரல் நகம் அளவு, ஐந்தே இதழ், கீழே பெருஞ்சீரகச் செடி மாதிரி மெல்லிய இலை. சாப்பிடுவதற்கென்றே வளர்க்கிறார்கள் என்றாள். பெங்களூரில் விதை விற்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்துத் தபாலில் வரவழைத்தேன். கருப்பாக, மெலிதாக, ஒரு நுனியில் வைக்கோல் நிறத்தில் வால் வைத்த விதை. ஆடி மாதத்தில் பாத்தியைக் கொத்தி, சாணி எருவும் அடுப்புச் சாம்பலும் கலந்து, விதையைத் தூவி, மேலே மண் தெரிந்தும் தெரியாமலும் மூடினேன்.

முளைத்தது. எனக்கே நம்பிக்கை இல்லாமல் இருந்தது. முளைத்ததில் பாதியை நத்தை தின்றது. மருந்து அடிக்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்ததால் விடியற்காலையில் எழுந்து நத்தைகளைக் கையால் பொறுக்கினேன். சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். பக்கக் கிளை வெடித்துச் செடி குடை மாதிரி விரிந்தது. கிள்ளிய நுனியைக் கையில் கசக்கி முகர்ந்தபோது நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ராஜா உலாம் இல்லை. ஆனால் அதன் உறவுக்காரன் என்று சொல்லலாம். அதே எலுமிச்சை வாசம், கொஞ்சம் காரமாக.

முதல் பூவைப் பனி உலர்ந்த பிறகு பறித்தேன். இதழைப் பிய்த்து, அடியில் வெள்ளையாக இருக்கிற கசப்புப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தின்று பார்த்தேன். பிறகு சாமையை உதிரியாக வடித்து ஆறவைத்தேன். தேங்காய் வறுத்து இடித்துப் போட்டு, சின்ன வெங்காயம், புதினா, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, கடைசியில் அந்த இலையில் கொஞ்சமும் இதழ்களும். மாச்சிக் செய்ததில் அரிசி இருந்தது, என்னுடையதில் சாமை. மாச்சிக் சாமையைப் பார்த்திருக்கவே மாட்டார். என் கணவர் ஒரு வாய் தின்றார். ஈப்போவில் ரொட்டி வீசும்போது பார்த்த அதே பக்கம் பார்த்தார். இன்னும் இருக்கா என்றார்.

4

மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தில் செண்டுமல்லி சாமிக்குப் போடுகிற பூ. வண்டிக்கு, கடைக்கு, கல்யாணப் பந்தலுக்குக் கட்டுகிற பூ. இறந்தவர்கள் மேலும் அதைத்தான் போடுவார்கள். அதைச் சோற்றில் பார்த்ததும் பழனியம்மாள் அக்கா இலையைத் தள்ளி வைத்துவிட்டார். கோபமில்லை. பயம். மலேசியாக்காரி என்னத்தையோ கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று ஆலத்தூர் நாடு முழுக்க, அதாவது எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் எல்லாவற்றிலும், பேச்சுப் போனது. நல்ல வார்த்தையாகவும் போனது, கெட்ட வார்த்தையாகவும் போனது.

எனக்கு அதைவிட உறைத்தது என் மகளின் முகம். தேன்மொழி அப்போது பதினொன்றாம் வகுப்பு. குழந்தையாக இருந்தவரை என் பேச்சைத்தான் பேசினாள். பள்ளிக்குப் போன பிறகு ஒவ்வொரு வார்த்தையாகக் கழற்றி வைத்துவிட்டாள். கலா போனில் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள். மலாய்ப் பாட்டு ஒன்று சொல்லிக் கொடுக்கட்டுமா என்றால், எதுக்கும்மா என்பாள். பள்ளிக் கூட்டத்துக்கு நான் போனால், ரொம்பப் பேச வேண்டாம் என்று வழியிலேயே சொல்லிவிடுவாள். அவள் தோழி ஒருத்தி ஒரு நாள் என்னிடம், ஆன்ட்டி உங்களுக்குச் சேலத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சேலம் என்று யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் இது நடக்கிறது, எனக்கும் நடக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். பூ விஷயம் பரவியதும் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதற்கெல்லாம் நடுவே எனக்கு ஒரே ஒரு கட்சிக்காரர் கிடைத்தார். பழனியம்மாள் அக்காவின் கணவர் சின்னதுரை அண்ணன். செம்மேட்டில் ஜீப் ஓட்டுகிறார். முதல் நாள் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவர் அவர்தான். அடுத்த நாள் மனைவிக்குத் தெரியாமல் சமையலறைப் பக்கமாக வந்து, கொஞ்சம் குடு கண்ணு, என்னதான் ருசின்னு பாக்கறேன் என்றார். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது வருவார். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கோடு பூப்போட்ட தயிர்ப்பச்சடி என்றால் அவருக்கு உயிர். ஜீப் ஸ்டாண்டில் போய், என்ற மச்சினன் ஊட்ல பூவுல பச்சடி செய்யறாங்க, நீங்கெல்லாம் கண்டிருப்பீங்களா என்று பெருமை அடித்துக்கொள்வார். எனக்கும் அது பிடித்திருந்தது.

5

அந்த வருட ஆயுத பூஜை அன்று மதியம், சின்னதுரை அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னார்கள். வாந்தி, தலைச்சுற்றல், நிற்க முடியவில்லை. பூவைத் தின்றாராம். அவ்வளவுதான் சொன்னார்கள். நானும் கணவரும் தேன்மொழியும் கிடைத்த வண்டியில் ஏறிச் செம்மேட்டுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பழனியம்மாள் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"அந்தப் பூவைக் கொண்டாந்து வெச்ச அன்னிக்கே எனக்கு நெஞ்சு அடிச்சுது. என்ற ஊட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா நான் உன்னைய விட மாட்டேன் சரசு. ஊருக்குப் போய் மொத வேலையா அத்தனையும் புடுங்கிப் போடு."

சுற்றி ஜீப் ஸ்டாண்டு ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். விஷம் சாப்பிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுவது வழக்கம். ஒரு போலீஸ்காரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பூ யார் வீட்டில் வளர்க்கிறது என்று கேட்டார். நான் என்றேன். பெயர் கேட்டார், அடையாள அட்டை கேட்டார். எங்கே போனாலும் அந்த நீலப் புத்தகத்தின் நகல் என் பையில் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளிநாடுங்களா என்றார்.

இத்தனை வருடமாக மனத்தின் ஓரத்தில் ஒரு பயம் இருந்திருக்கிறது. அது இத்தனை பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வழக்கு என்று வந்தால் இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொள்வார்களா? இவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போவேன்? கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் தேன்மொழியைக் காணவில்லை என்று கவனித்தேன். அவமானம் தாங்காமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் போனது ஜீப் ஸ்டாண்டுக்கு. மாமா என்ன தின்றார், எப்படித் தின்றார் என்று அங்கே ஒவ்வொருவரிடமாகக் கேட்டிருக்கிறாள். தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நான் கொடுத்தனுப்பிய பச்சடியை அண்ணன் அங்கே எல்லோருக்கும் பங்கு போட்டிருக்கிறார். இன்னும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்ல அண்ணனுக்கு மனம் வரவில்லை. ஜீப்புக்குப் போட்டிருந்த மாலையிலிருந்து கைநிறைய உருண்டைப் பூவைப் பிய்த்து, டீக்கடையில் மாவில் தோய்த்து பஜ்ஜி போடச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் கடித்துப் பார்த்துக் கசக்கிறது என்று துப்பிவிட்டார்கள். இவர் மட்டும், உங்களுக்கு ருசி தெரியலை என்று வீறாப்புக்கு எல்லாவற்றையும் தின்று முடித்திருக்கிறார்.

தேன்மொழி திரும்பி வந்தபோது அவள் ஒரு கையில் அந்த மாலையின் மிச்சம் இருந்தது. இன்னொரு கையில் ஒரு தூக்குச்சட்டி. காலையில் அண்ணன் பச்சடி கொண்டுபோன தூக்கு, அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நேராக டாக்டரம்மாவிடம் போனாள். கல்லூரி முடித்து அதிக நாள் ஆகியிராத சின்ன வயதுக்காரர். நாங்களும் பின்னால் போய் நின்றோம்.

"இது ஜீப்புல போட்ட மாலைங்க. இதைத்தான் மாமா தின்னாரு. இது எங்கம்மா செஞ்சதுங்க, மாமா காலையில எல்லாருக்கும் குடுத்தாரு, தின்ன ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. ரெண்டும் ஒரே பூ இல்லீங்க. மோந்து பாருங்க."

டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார். மாலையை மூக்கருகே கொண்டுபோய் உடனே விலக்கினார். தேன்மொழி தூக்கில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா மருந்தே அடிக்க மாட்டாங்க. காலங்காத்தால நத்தையைக் கையில பொறுக்குவாங்க. எங்கம்மா ஊர்ல இதுக்கு உலாம்னு பேரு. ஈப்போவுல. மலேசியாவுல இருக்குது."

பல வருடமாக அவள் வாயிலிருந்து நான் கேட்காத ஊர்ப் பெயர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போலீஸ்காரர் என் நகலை மடித்து என்னிடமே நீட்டினார்.

விற்பனைக்கு வளர்க்கிற பூவில் பூச்சிமருந்து அடிப்பார்கள், அதைத் தின்பதற்கென்று யாரும் விற்பதில்லை, வாங்கித் தின்னவும் கூடாது என்று டாக்டரம்மா அக்காவிடம் விளக்கினார். சலைன் ஏறியது. சாயந்திரத்துக்குள் அண்ணன் கண் திறந்து, டீ கேட்டார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

6

வீடு திரும்பியதும் நான் பின்பக்கம் போய்ச் செடிகள் முன்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால் பிடுங்கிவிடத்தான் போனேன். யாருக்கும் தொந்தரவில்லாமல் கீரை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. என் கணவர் பின்னாலேயே வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"புடுங்கினா தப்பு உம்பேர்லன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் சரசு" என்றார். பிறகு, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிடுங்கவில்லை. அதற்குப் பதில் மறு வாரத்திலிருந்து வீடு வீடாகப் போனேன். தேன்மொழி கூடவே வந்தாள். நான் கூப்பிடவில்லை. மாலைப் பூவைத் தின்னக் கூடாது, வீட்டில் மருந்தில்லாமல் வளர்த்த இந்தச் சின்னப் பூவை மட்டும்தான் தின்னலாம், அதுவும் கொஞ்சமாகத்தான், கர்ப்பமாக இருக்கிறவர்கள் வேண்டாம், சிலருக்குப் பூ ஒத்துக்கொள்ளாது, முதலில் ஒரு இதழ் தின்று பார்க்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவள் இந்த ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொன்னாள். எனக்கு இன்னும் வாய் தடுமாறுகிற இடங்களில் அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் நான் பழக்கதோஷத்தில் பசியாறிட்டீங்களா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா விழித்தார். தேன்மொழி, "சாப்டாச்சான்னு கேக்கறாங்கம்மா. அவங்க ஊர்ல அப்பிடித்தான் கேப்பாங்க, நல்லாருக்கில்ல?" என்றாள். அந்த அம்மா ஆமா கண்ணு என்றார். அன்று நான் அடைந்த சந்தோஷத்துக்கு எந்த அலுவலகத்தின் முத்திரையும் ஈடாகாது.

சிலர் நாற்று வாங்கிக்கொண்டார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். குண்டனி நாட்டிலிருந்து ஒரு பெண் சந்தையில் என்னைத் தேடி வந்து விதை கேட்டாள். இப்போது மலையில் பல வீட்டுப் பின்பக்கத்தில் அந்த மஞ்சளைப் பார்க்கிறேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே கண்ணில் பட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாமா என்று இருக்கும். சொல்லாமல் இருப்பது கஷ்டம். சில நாள் சொல்லிவிடுகிறேன்.

பழனியம்மாள் அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது புரிந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தவர். தப்பு பூவில் இல்லை என்று தெரிந்த பிறகு, பேசாமல் இருப்பதற்கு வேறு காரணம். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. சின்னதுரை அண்ணன் மட்டும் வழக்கம் போல் வந்தார். முன்பு சமையலறைப் பக்கமாக வந்தவர் இப்போது முன்வாசல் வழியாக வந்தார். வந்து, பஜ்ஜி மட்டும் வேண்டாம் கண்ணு என்பார்.

தைப் பொங்கலுக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். சாமைச் சோற்று உலாமைப் பெரிய சட்டியில் கிளறினேன். அக்கா வந்து பந்தியில் உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டே போன தேன்மொழி அவர் இலைக்கு முன்னால் வந்ததும் நின்று என்னைப் பார்த்தாள். போடலாமா வேண்டாமா என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா நிமிர்ந்து, "ஏங் கண்ணு நின்னுட்ட, எனக்கில்லையா?" என்றார். தின்றார். கையைக் கழுவ எழும்போது என்னைப் பார்த்து, தேங்காயை இன்னும் கொஞ்சம் செவக்க வறுக்கணும் என்று மட்டும் சொன்னார். மாச்சிக்கும் அதையேதான் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பின்பக்கம் சடசடவென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே நான் வந்த நாளிலிருந்து ஒரு முள்வேலி உண்டு. கோழி தாண்டுகிறது என்று வருடா வருடம் அக்காதான் அதைக் கட்டுவார். அவர் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அதைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஏங்க அக்கா என்றேன்.

"உன்ற பாத்தி பத்தலைங்கற. எம்பக்கம் சும்மாதான கெடக்குது. இழுத்து விட்டுக்க" என்றார். முள்ளைக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு எடுத்துப் போனார்.

அந்த ஆடியில் வாழையிலிருந்து அவர்கள் துவைக்கிற கல் வரைக்கும் ஒரே பாத்தியாகக் கொத்தி, இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து விதைத்துக்கொண்டே வந்தோம்.